காலுக்கு வந்த சுக்கான்

மனிதனுக்கு இயற்கை அளித்த கைகள் இரண்டே. நிலத்தில் நின்று தொழில் செய்வோனுக்கு அவை பெரும்பாலும் போதியவை. நீர்மேல் நின்று தொழில் செய்வோனுக்கோ அவை போதா. வலையை வீசவும் வாங்கவும் இரண்டு கைகளும் வேண்டும். அதே வேளையில் படகை வழி தவறாது நடத்தவும் ஒரு கை வேண்டும். அந்த மூன்றாவது கைக்கு எங்கே போவது? துணைக்கு ஒருவரை ஏற்றிக்கொள்வதே நாமறிந்த வழி. ஒருவர் கம்பூன்ற மற்றவர் வலை பார்க்கும் காட்சி, களப்போரத்தில் வாழும் நம்மவருக்குப் புதியதன்று.

பர்மா என முன்னர் வழங்கிய மியன்மார் நாட்டின் சான் மாநிலத்திலே இன்லே என்றொரு ஏரி உண்டு. அங்கு வாழும் மீனவரை இந்தா என்பர். ஏரியின் மைந்தர் என்பது அப்பெயரின் பொருள். அவர்கள் இக்கேள்விக்கு வேறொரு விடை கண்டார்கள். படகின் முனையில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மற்றக் காலைத் துடுப்பிலே சுற்றி, அக்காலாலேயே நீரை வலித்துப் படகைச் செலுத்துவர். நின்றபடியால் நாணலுக்கும் பாசிக்கும் இடையே வழி தெரிகின்றது. கால் துடுப்பை எடுத்துக்கொண்டபடியால் கைகள் இரண்டும் வலைக்கு விடுதலையாகின்றன. கையின் வேலையைக் காலுக்குக் கொடுத்த இம்மக்களின் யுக்தியை, பல ஆண்டுகளாகப் படத்திலே பார்த்து வியந்ததோடு நின்றுவிட்டேன். அதன் அருமையை நான் உணர்ந்தது 2023ஆம் ஆண்டு, கனடா நாட்டிலே.

அத்தானின் கேள்வி

அவ்வாண்டு ஆடி மாதத்தில், ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் என் தமக்கையார் வீட்டிற்குச் சென்றிருந்தேன். வீட்டின் பின்புறத்திலே பன்னிரண்டு அடி நீளமான அலுமினியப் படகொன்று கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் மூன்றாண்டுச் சருகு. அத்தான் அறுபதைக் கடந்தவர். ஊரில் இருந்த நாளிலே களப்பில் தூண்டில் போட்டுப் பழகியவர். பனி நாட்டிற்குப் போன பின்னரும் அப்பழக்கத்தை விட்டாரில்லை. கோடை வந்தால் விடுமுறை நாள்தோறும் ஸ்கூகொக் ஏரிக்குப் போய்விடுவார். மூன்றாண்டுகளுக்கு முன் பாரிசவாதம் வந்து அவருடைய இடக்கையை முழுவதும் இடக்காலைப் பாதியும் கொண்டு போயிற்று. படகை விற்றுவிடலாம் என்பது அக்காவின் எண்ணம். அத்தான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

படகின் அருகே சிறிய மின் மோட்டார் ஒன்றும் கிடந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அவர் கேட்டார்:

“தம்பி, எனக்கு இருக்கிறது ஒரு கை. அது மோட்டார்ப் பிடியைப் பிடிச்சால் தூண்டிலை ஆர் பிடிக்கிறது? தூண்டிலைப் பிடிச்சால் படகை ஆர் பிடிக்கிறது?”

“நான் ஓட்டுறன், நீங்கள் இருந்து மீனைப் பிடியுங்கோ, அத்தான்” என்றேன்.

“நீ ரண்டு கிழமையிலை போயிடுவாய். பிறகு? எனக்கு ஏத்திக்கொண்டு போக ஆள் தேவையில்லை, தம்பி. நான் ஓட்ட வேணும்.”

இருபது ஆண்டுகளாகப் பௌதிகம் படிப்பிக்கும் எனக்கு, மாணவர் எவரும் இத்துணைக் கூர்மையான கேள்வியொன்றை விடுத்ததில்லை. மறுநாட் காலை நாங்கள் படகை நிமிர்த்தினோம்.

மோட்டார் வந்த வரலாறு

எங்கள் முயற்சியைச் சொல்லுமுன் அம்மோட்டாரின் வரலாற்றைச் சிறிது கூறுதல் பொருந்தும். 1881ஆம் ஆண்டிலே குஸ்தாவ் துரூவே என்ற பிரெஞ்சு யுக்தியாளர், பாரிஸ் நகரின் சேன் நதியிலே மின்சாரப் படகொன்றை ஓட்டிக் காட்டினார். அவர் மோட்டாரைப் படகின் வயிற்றுள் வைக்கவில்லை. சுக்கானின் மேலே மோட்டாரையும் சுக்கானின் அலகிலே விசிறியையும் பொருத்தினார். சுக்கானைக் கழற்றினால் மோட்டாரும் சேர்ந்து கழன்று வரும். படகுக்கு வெளியே மாட்டும் மோட்டார்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி எனலாம்.

சிறு படகில் மீன் பிடிப்போர் கைக்கு அது வந்து சேர மேலும் அரை நூற்றாண்டு சென்றது. அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்திலுள்ள பார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர், 1934ஆம் ஆண்டிலே, பழைய போர்ட் காரின் இயந்திரத்தைத் தொடக்கிவிடும் சிறு மோட்டாரை எடுத்து, வளையக்கூடிய தண்டையும் விசிறியையும் அதில் இணைத்தார். ஓசையின்றி மெல்ல ஊர்ந்து மீனைக் கலைக்காது செல்லும் படகு அதனாற் பிறந்தது. மினசோட்டா, வட டக்கோட்டா என்னும் இரு மாநிலப் பெயர்களையும் சேர்த்து, மின் கோட்டா என்று அதற்குப் பெயரிட்டனர். இப்பெயர் இன்றும் வழங்குகின்றது.

ஆயினும் அம்மோட்டாரை ஒரு கை பிடித்தே இருக்க வேண்டும். அந்தக் கையை விடுவித்தவர் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரத்தவரான ஜி. எச். ஹரிஸ். 1951ஆம் ஆண்டிலே அவர் காலால் திருப்பும் மோட்டாரைச் செய்தார். இன்லே ஏரியின் மீனவர் துடுப்பைக் காலுக்குக் கொடுத்தனர்; ஹரிஸ் சுக்கானைக் காலுக்குக் கொடுத்தார். நோக்கம் ஒன்றே.

இத்தகைய மிதிகட்டை மோட்டார்கள் இன்று கடைகளிற் கிடைக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் படகின் அணியத்திலே, அதாவது முன்முனையிலே, பூட்டுவதற்கு அமைந்தவை. மாடு வண்டிக்கு முன்னே நின்று இழுப்பதுபோல அவை படகை இழுத்துச் செல்வதால், காற்றடிக்கும்போதும் வழி நேராக இருக்கும். அத்தானின் படகோ அணியம் ஒடுங்கிய சிறு படகு. அவரிடம் இருந்ததோ பின்புறத்தில் பூட்டும் கைப்பிடி மோட்டார். புதிய மோட்டாரின் விலை, படகின் விலையிலும் மிக்கது. எனவே இருந்ததைத் திருத்துவதென்று துணிந்தோம்.

மிதிகட்டையின் கணக்கு

மோட்டாரின் அமைப்பு எளிது. நீருக்குள் அமிழும் உருளையொன்றின் உள்ளே நிலைக்காந்தங்களும் சுழலும் கம்பிச் சுருளும் இருக்கின்றன. உருளையின் நுனியில் விசிறி. அங்கிருந்து ஒரு தண்டு மேலே வருகின்றது. தண்டின் உச்சியில் தலைப்பெட்டியும் கைப்பிடியும் உள்ளன. பிடியை முறுக்கினால் வேகம் மாறும். முன்னோக்கி ஐந்து வேகம், பின்னோக்கி மூன்று. பிடியை இடமாகவோ வலமாகவோ தள்ளினால் தண்டு முழுவதும் திரும்பும்; அதனோடு விசிறியின் திசையும் திரும்பும். பிடியை இடப்புறம் தள்ளினால் படகு வலப்புறம் போகும் என்பதைப் புதிதாகப் பழகுவோர் கவனிக்க வேண்டும்.

ஆகவே எங்களுக்கு வேண்டியது, அத்தண்டைக் காலால் திருப்பும் வழி. மரப்பலகையில் ஆறு அங்குல விட்டமுள்ள வட்டமொன்றை அறுத்து, விளிம்பிலே தவாளித்து, தண்டின்மேல் இறுகப் பூட்டினோம். அது ஒரு கப்பியாயிற்று. அதன் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு கயிறுகளைப் படகின் விளிம்போரமாகக் கொண்டுவந்து, இருக்கையின் முன்னே இரண்டு மிதிகளில் கட்டினோம். வலமிதியை அழுத்தினால் வலப்புறம், இடமிதியை அழுத்தினால் இடப்புறம். பார்க்க மிக அழகாய் இருந்தது.

அத்தான் வந்து இருந்தார். வலமிதியை அழுத்தினார். இடமிதியை அழுத்த அவருடைய இடக்கால் மறுத்தது. இரண்டு நாள் வேலை; அவருடைய காலைப் பற்றி நான் ஒரு நிமிடமேனும் எண்ணினேனல்லேன்! கருவி எவருக்காக என்பதை மறந்து கருவியின் அழகிலே மயங்குவது, படித்தவர்களுக்கு வரும் நோய்களுள் ஒன்று. அத்தான் சினக்கவில்லை. “ஒரு காலாலை செய்யேலாதோ?” என்று மட்டும் கேட்டார்.

செய்யலாம். ஒரே பலகையை நடுவிலே அச்சு வைத்து ஊஞ்சற்பலகைபோல் அமைத்தோம். வலப்பாதம் அதன்மேல் இருக்கும். விரற்பக்கம் அழுத்தினால் ஒரு கயிறு இழுபடும். குதிப்பக்கம் அழுத்தினால் மற்றது இழுபடும். கடைகளில் விற்கும் மிதிகட்டைகள் பலவும் இம்முறையில் அமைந்தவையே.

மாணவர்களுக்காக அதன் கணக்கையும் இங்கே தருகிறேன். அச்சிலிருந்து கயிறு கட்டிய இடம் 4 அங்குலம். மிதி 25 பாகை சாய்ந்தால், 25 பாகையின் சைன் 0.42 ஆதலால், கயிறு ஏறக்குறைய 1.7 அங்குலம் நகரும். கப்பியின் ஆரை 3 அங்குலம். 1.7ஐ 3ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.57 ஆரையன், அதாவது தண்டு ஏறத்தாழ 32 பாகை திரும்பும். வழி திருத்துவதற்கு இது தாராளம். கப்பியைச் சிறிதாக்கினால் தண்டு கூடுதலாகத் திரும்பும், ஆனால் காலுக்குச் சுமை மிகும். பெரிதாக்கினால் சுமை குறையும், திருப்பமும் குறையும். ஒன்றைப் பெற மற்றொன்றைக் கொடுக்க வேண்டும் என்னும் நெம்புகோலின் நியதியை இங்கும் மீறமுடியாது.

நைலோன் கயிறு நீரில் நனைந்து நீண்டு தளர்ந்தது. அதனை நீக்கிச் சைக்கிள் பிரேக்கின் உருக்குக் கம்பியையும் அதன் உறையையும் இட்டோம். முதல் ஓட்டத்திலே படகு வலமென்றால் இடமும் இடமென்றால் வலமும் போயிற்று; கம்பிகளை மாற்றிக் கட்டியதும் ஒழுங்காயிற்று. தண்டைப் பிடித்திருக்கும் தாங்கியின் திருகாணியைச் சற்றுத் தளர்த்திய பின்னரே மிதி இலகுவாக அசைந்தது.

மின்சாரத்தின் கணக்கு

அம்மோட்டார் 30 இறாத்தல் உந்துவிசை உள்ளது. முழு வேகத்தில் 12 வோல்ற்றுப் பற்றறியிலிருந்து 30 அம்பியர் வரை இழுக்கும். அதாவது 360 வாற்று. வீட்டு விளக்குக்குச் செல்லும் மின்னோட்டத்திலும் இது பன்மடங்கு. ஆகையால் மெல்லிய கம்பி ஆகாது. கம்பி சூடேறித் தீப்பற்றும். பற்றறியின் அருகிலேயே, மின்னோட்டம் மிகுந்தால் தானாக அறுத்துவிடும் காப்புக் கருவியொன்றையும் வைத்தல் அவசியம்.

காருக்குரிய பற்றறியும் இதற்கு ஏற்றதன்று. கார் பற்றறி ஒரு கணம் பெருமின்னோட்டம் கொடுப்பதற்கென மெல்லிய தகடுகளால் ஆனது. நெடுநேரம் சிறிது சிறிதாகக் கொடுப்பதற்குத் தடித்த தகடுகளுள்ள பற்றறி வேண்டும். 80 அம்பியர் மணிப் பற்றறி, 30 அம்பியர் வீதம் கொடுத்தால் இரண்டரை மணி நேரத்திற்கு மேல் ஓடும் எனக் கணக்குக் கூறும். ஆனால் ஈயப் பற்றறியைப் பாதிக்குமேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குறையும். எனவே ஒன்றேகால் மணி நேரத்தையே நம்பலாம். மெல்லப் போனால் மின்னோட்டம் குறைந்து நேரம் பன்மடங்காகும். மீன் பிடிப்போனுக்கு மெல்லப் போவதே வேண்டியதாதலால் இது குறையன்று. இக்காலத்து லிதியம் பற்றறி பாரத்திற் பாதியும் இராது. அதன் கொள்ளளவில் பெரும்பகுதியைப் பயன்படுத்தவும் முடியும். விலைதான் அதிகம்.

படகு போயிற்று, நான் நின்றேன்

கனடாவில் மின் மோட்டார் பூட்டிய சிறு படகை ஓட்டுவதற்கும் தகுதிச் சான்று வேண்டும். அத்தானிடம் அது முன்னரே இருந்தது. மாணவரைப் பரீட்சைக்கு அனுப்பிப் பழகிய நான், அங்கே பரீட்சை எழுதி அட்டை பெற்றுக்கொண்டேன். பின்னர் போர்ட் பெரி என்னும் சிற்றூரின் அருகே, ஸ்கூகொக் ஏரியில் படகை இறக்கினோம். ஆழங்குறைந்து பாசி நிறைந்த ஏரி அது. அத்தான் கரையிலே நாற்காலியில் இருக்க, முதற் சோதனைக்கு நான் தனியே ஏறினேன்.

பிடியை மூன்றாம் வேகத்திற்கு முறுக்கிவிட்டுக் கையை எடுத்தேன். படகு போயிற்று. மிதியைச் சாய்த்தேன், சொன்னபடி திரும்பியது. கையிரண்டும் மடியில் இருக்க நீர்மேல் வழுக்கிச் செல்வது எத்துணை இன்பம்! கரையைப் பார்த்து இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினேன். அவ்வளவில் நின்றிருந்தால் நன்று. எழுந்து நின்று காட்ட எண்ணினேன். சிறு படகில் எழுந்து நிற்கலாகாது என்று இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் பரீட்சைத் தாளில் எழுதியிருந்தேன். கால் தடுக்கியது, நீருக்குள் விழுந்தேன்.

நீர் இடுப்பளவே. அங்கியும் அணிந்திருந்தேன். எனக்கு ஒரு தீங்கும் இல்லை. ஆனால் எழுந்து நின்று பார்த்தபோது படகு தன்பாட்டிற் போய்க்கொண்டிருந்தது. அதனைத் தொடர்ந்து நடந்தேன். சேறு காலைப் பிடித்தது. நீந்தினேன், இடைவெளி கூடியதேயன்றிக் குறையவில்லை. இத்தகைய சிறு மோட்டார் படகை மணிக்கு மூன்று நான்கு மைல் வேகத்தில் கொண்டுபோகும். என்போன்றவர் நீந்துவது இரண்டு மைல் வேகம். ஏறக்குறைய நூறு யார் சென்று, பாசியிலே விசிறி சிக்கியதும் அது நின்றது.

படகை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தேன். அக்கா சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. நெடுநேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “விழுந்தது நானெண்டால்?” என்றார்.

அந்த ஒரு வினாவில் எல்லாம் அடங்கிற்று. கைப்பிடி மோட்டாரிலே கை ஒரு வேலையையன்று, இரண்டு வேலைகளைச் செய்கின்றது. ஒன்று, திருப்புவது. மற்றது, இங்கே ஒருவன் இருக்கின்றான் என்பதற்குச் சாட்சியாக நிற்பது. நான் முதல் வேலையைக் காலுக்குக் கொடுத்தேன். இரண்டாவது வேலையை எவருக்கும் கொடுக்கவில்லை. முறுக்கிய பிடி முறுக்கிய இடத்திலேயே நின்றது. ஆள் இருக்கின்றானா என்று அது கேட்கவில்லை.

இரண்டு சாட்சிகள்

மறுவாரம் முழுவதும் அந்தச் சாட்சியை அமைப்பதிற் சென்றது. பற்றறிக்கும் மோட்டாருக்கும் இடையே றிலே என்னும் மின்காந்தச் சுவிச்சொன்றை வைத்தோம். சிறு மின்னோட்டம் அதன் சுருளிற் பாயும்வரை அது பெருமின்னோட்டத்திற்கு வழிவிடும். சிறு மின்னோட்டம் அற்றால் பெருமின்னோட்டமும் அறும். அச்சிறு மின்னோட்டத்தின் வழியிலே இரண்டு சுவிச்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக இட்டோம். முதலாவது, மிதிகட்டையில் உள்ள பொத்தான். பாதம் மிதியில் இருக்கும்வரை அது அழுந்தியிருக்கும். இரண்டாவது, இழுத்தால் கழன்றுவிடும் ஊசியுள்ள சுவிச்; அவ்வூசியிலிருந்து ஒரு வார் அத்தானின் மிதவை அங்கியிலே கொளுவப்படும். இரண்டும் இசைந்தாலன்றி மோட்டார் ஓடாது. இரண்டில் எது அறுந்தாலும் நிற்கும்.

ஒன்று போதாதோ என்று அக்கா கேட்டார். போதாது. அவருக்கு மீண்டும் நோய் கண்டு கால் விறைத்துப்போனால் பொத்தான் அழுந்தியபடியே இருக்கக்கூடும். வாரைக் கொளுவ ஒருநாள் மறந்தும் போகலாம். ஒன்று தவறும் இடத்தில் மற்றது காக்க வேண்டும். மூன்றாவது காவலாக அக்காவே ஒரு நிபந்தனை விதித்தார்: அத்தான் தனியே போகலாகாது, அவர் ஓட்டலாம், தாமும் முன்னிருக்கையில் இருப்பார். அதற்காக நிறுத்துவதையும் மீண்டும் தொடக்குவதையும் அக்காவும் பழகிக்கொண்டார்.

அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி தொடக்கம், 26 அடிக்குக் குறைந்த உல்லாசப் படகுகளில் இயந்திரத்தை நிறுத்தும் இத்தகைய சுவிச் பொருத்தப்பட்டிருந்தால், ஓட்டுவோர் அதனைத் தம்மோடு இணைத்துக்கொள்ள வேண்டுமெனச் சட்டம் செய்துள்ளனர். மூன்று குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள மோட்டார்களுக்கே அச்சட்டம். எங்களுடையது போன்ற சிறு மோட்டாருக்கு அது இல்லை. சட்டம் கேளாத இடத்திலே நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வானத்திலிருந்து பிடிக்கும் கை

காலுக்கும் வேலையில்லாது செய்துவிட்ட மோட்டார்களும் இன்று உண்டு. கம்பியின்றித் தொலைவிலிருந்து படகை நடத்தலாம் என்பதை நிக்கொலா ரெஸ்லா 1898ஆம் ஆண்டிலேயே நியூயோர்க் நகரக் கண்காட்சியொன்றில் சிறு படகை ஓட்டி மெய்ப்பித்தார். கழுத்திலே தொங்கும் சிறு கருவியால் மோட்டாரை நடத்தும் இன்றைய முறை அதன் வழிவந்ததே.

அதனிலும் வியப்பானது, செய்மதிகளைக் கொண்டு நங்கூரமின்றியே படகை ஓரிடத்தில் நிறுத்துவது. செய்மதிகள் காட்டும் இடத்திலே வேண்டுமென்றே பிழை கலந்து பொதுமக்களுக்கு அளித்துவந்த அமெரிக்க அரசு, 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அதனைக் கைவிட்டது. நூறு மீற்றர் வரை பிழைத்த கணக்கு அதன்பின் சில மீற்றருக்குள் வந்தது. 2010ஆம் ஆண்டளவிலே இவ்வசதி படகு மோட்டார்களுக்கும் வந்து சேர்ந்தது. காற்றுப் படகைத் தள்ளினால் மோட்டார் தானே திரும்பி, தானே ஓடி, பழைய இடத்திற்குக் கொண்டுவந்துவிடும்.

அவ்வாறு திருத்துவது எளிய செயலன்று. 1922ஆம் ஆண்டிலே நிக்கொலாஸ் மினோர்ஸ்கி என்ற அறிஞர், கப்பல்களில் சுக்கான் பிடிப்போர் எவ்வாறு வழி திருத்துகின்றனர் என ஆராய்ந்து எழுதினார். கைதேர்ந்தவன் இப்போது எவ்வளவு விலகியிருக்கின்றது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு காலமாக விலகியிருக்கின்றது, எவ்வளவு விரைவாக மாறுகின்றது என்பவற்றையும் சேர்த்து எண்ணுகின்றான். இம்மூன்றையும் கணக்கிலே அமைத்துவிட்டால் இயந்திரமும் அதைச் செய்யும். அத்தான் மிதியைப் பழகிய முதல்நாள் படகு பாம்புபோல நெளிந்து சென்றது. அணியம் நேரானபின் மிதியைத் திருப்பினார். அதற்குள் படகு மறுபுறம் போய்விட்டது. மூன்றாம் நாளோ, அணியம் நேராவதற்குச் சற்று முன்னரே மிதியைத் தளர்த்தக் கற்றுக்கொண்டார். மினோர்ஸ்கி கணிதமாக எழுதியதை அவருடைய பாதம் தானே கண்டுபிடித்தது.

செய்மதியை நம்பும் மோட்டாருக்கும் எங்கள் பாடமே பாடம். அது முன்னறிவித்தலின்றித் திடீரென ஓடத் தொடங்கும். அருகே நீரில் ஒருவர் இருந்தால், சுழலும் விசிறி அவரை அறியாது. கட்டுப்பாடு எத்துணைத் தூரம் போகின்றதோ, நிறுத்தும் வழி அத்துணை அருகில் இருக்க வேண்டும்.

முதல் மீன்

நான் புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஏரிக்குச் சென்றோம். நான் கரையில் நின்றேன். அக்கா முன்னே அமர்ந்தார். அத்தான் வாரைத் தம் அங்கியிலே கொளுவி, ஒருமுறை இழுத்துப் பார்த்து, மறுபடியும் கொளுவினார். பாதத்தை மிதியில் வைத்தார். படகு நாணலோரமாக மெல்லச் சென்றது. வலக்கையிலே தூண்டில் தடி இருந்தது. கம்பி சுற்றும் உருளையை அக்கா பிடித்து உதவ, உள்ளங்கையளவான மீனொன்று மேலே வந்தது. கொளுக்கியைக் கழற்றி அதனை நீரிலே விட்டுவிட்டனர்.

அவர் கரைக்கு வந்தபோது மீனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “வலப்பக்கம் கொஞ்சம் இறுக்கமாய்க் கிடக்கு தம்பி, போக முன்னம் ஒருக்கால் பார்” என்றார். ஏற்றிச் செல்லப்பட்டவன் அப்படிச் சொல்வதில்லை. படகோட்டியே அப்படிச் சொல்வான்.

ஊர் திரும்பிய பின் இதை என் மாணவர்களுக்குச் சொன்னேன். பலகைத் துண்டு, கப்பி, சைக்கிள் கம்பி, சிறு பற்றறி, இரண்டு பொத்தான்கள் ஆகியவற்றைக் கொண்டு மேசைமீதே இதன் மாதிரியைச் செய்யலாம். செய்து முடித்ததும் அவர்களிடம் நான் கேட்கும் கேள்வி, அது ஓடுகின்றதா என்பதன்று. ஓட்டுபவன் இல்லாதபோது அது நிற்கின்றதா என்பதே. கைக்கு விடுதலை கொடுக்கும் கருவிகள் நாள்தோறும் பெருகிவரும் இக்காலத்திலே, அக்கேள்வியைப் படகுக்கு மட்டுமன்றி அவை அனைத்திற்கும் கேட்டுவைப்பது நன்று.